சண்டை ரோபோவின் சுழல் ஆயுதம்: டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் மோட்டார் நிற்கவில்லை

கேள்வி

வணக்கம். 1.36 கிலோ எடைப் பிரிவுக்கு ஒரு சண்டை ரோபோ செய்துகொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் செங்குத்தாகச் சுழலும் எஃகுத் தகடுதான் அதன் ஆயுதம். தகட்டைச் சுழற்றும் பிரஷ்லெஸ் மோட்டாரின் இஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) ரிசீவரில் நேரடியாக மாட்டாமல், இடையில் ஓர் ஆர்டுயினோ நானோவை (நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறு கணினிப் பலகை) வைத்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டரின் குச்சியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் தகடு படிப்படியாகவே வேகமெடுக்க வேண்டும், ரோபோ கவிழ்ந்தால் சுழலும் திசை தானாக மாற வேண்டும் என்பதே நோக்கம். ரிசீவரிலிருந்து வரும் பல்ஸின் (தன் நீளத்தால் வேகத்தைச் சொல்லும் மின் துடிப்பு) நீளத்தை 'பல்ஸ்இன்' கட்டளையால் அளந்து, அத்தகைய பல்ஸை உண்டாக்கும் செர்வோ லைப்ரரி வழியாக இஎஸ்சிக்கு அனுப்புகிறேன். பல்ஸ் கிடைக்காமல் அளவு பூஜ்யமாக வந்தால் அதை விட்டுவிட்டு முந்தைய மதிப்பையே வைத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

நேற்றுத் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் அது அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது; பேட்டரி இணைப்பைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். சக்கரங்களைச் சட்டென்று எதிர்த்திசையில் திருப்பும்போது நானோ சில சமயம் ரீசெட் ஆகிவிடுகிறது. தவறு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1

தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதித்தது மிக நல்ல காரியம். அந்தப் பழக்கத்தைக் கடைசி வரை விடாதீர்கள்.

இஎஸ்சிக்கு வரும் பல்ஸ் நின்றால் அது மோட்டாரை நிறுத்திவிடும். நடுவில் நானோவை வைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதை உங்கள் நிரலே திரும்பக் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் நிரலோ பூஜ்யம் வந்தால் பழைய மதிப்பையே பிடித்துக்கொள்கிறது. அதோடு, செர்வோ லைப்ரரி டைமர் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து ஒரு சிறு வேலையைச் செய்யும் வசதி) மூலம் பின்னணியில் இயங்குவதால், நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுற்று எங்காவது சிக்கி நின்றுவிட்டாலும், கடைசியாகச் சொன்ன வேகத்தையே 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரல் செத்துப்போனாலும் ஆயுதம் உயிரோடு இருக்கும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

'பல்ஸ்இன்' பல்ஸுக்காக வழக்கமாக ஒரு விநாடி வரை காத்திருக்கும். அதை விட்டுவிட்டு, இன்டரப்டில் பல்ஸின் ஏற்ற இறக்க நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 900 முதல் 2100 மைக்ரோ விநாடிக்குள் அடங்கும் பல்ஸ் 100 மில்லி விநாடியாக வரவில்லை என்றால் உங்கள் இஎஸ்சியின் நிறுத்த மதிப்பை அனுப்புங்கள்; இரு திசையிலும் சுழற்றும் இஎஸ்சியில் அது வழக்கமாக நடுவிலுள்ள 1500 மைக்ரோ விநாடி. சிக்னல் திரும்பி வந்தாலும், குச்சி ஒருமுறை அடிநிலைக்கு வந்த பிறகே ஆயுதத்தை அனுமதியுங்கள். சுற்று சிக்கினால் சிப்பை ரீசெட் செய்ய வாட்ச்டாக்கை (நிரல் உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்கும் டைமர்) 250 மில்லி விநாடியில் வையுங்கள். பழைய பூட்லோடர் (சிப் தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள நானோக்கள் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு மீள முடியாமல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆவதுண்டு; புதிய பூட்லோடரை ஏற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று. சிக்னல் அறுந்ததும் சில ரிசீவர்கள் பல்ஸை நிறுத்தும், சில கடைசி மதிப்பையே தொடர்ந்து தரும். உங்களுடையது இரண்டாவது வகையானால் எந்த நிரலாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் ரிசீவரின் ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் எதை அனுப்ப வேண்டும் என்ற அமைப்பு) நிறுத்த நிலைக்கு அமையுங்கள்.

மறுமொழி 2

ரீசெட் பிரச்சினை மின்சாரம் சார்ந்தது என்றே நினைக்கிறேன். சக்கர மோட்டார்கள் திசை மாறும் கணத்தில் அதிக மின்னோட்டம் இழுப்பதால் பேட்டரி மின்னழுத்தம் சரிகிறது. அதோடு நானோவுக்குப் போகும் 5 வோல்ட் மின்னழுத்தமும் சரிந்தால், நானோவின் பிரவுன்-அவுட் பாதுகாப்பு (மின்னழுத்தம் மிகக் குறைந்தால் செயல்படுவது) சிப்பை ரீசெட் செய்துவிடும். நானோவுக்கும் ரிசீவருக்கும் தனியாக ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுத்து, அதன் அருகிலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். கிரவுண்ட் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமும் 200 கிராம் எடையும் உள்ள தகடு நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும்போது அதில் ஏறத்தாழ 137 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 14 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். ஆகவே நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ஒரு லிங்க் (மின் இணைப்புத் துண்டு) இருக்கட்டும். ரோபோ கையில் இருக்கும்போது தகட்டைப் பூட்டும் ஒரு கம்பியும் கட்டாயம் வேண்டும்.

படிப்படியாக வேகமெடுக்க நானோ தேவையா என்றும் யோசியுங்கள். பல டிரான்ஸ்மிட்டர்களில் ஒரு குச்சியின் கட்டளை மாறும் வேகத்தைக் குறைக்கும் வசதியும், பல இஎஸ்சிகளில் மென்தொடக்க அமைப்பும் உண்டு. அங்கேயே முடியும் வேலைக்கு நடுவில் ஒரு சிப்பை வைப்பது, கெட்டுப்போக இன்னொரு இடத்தை உண்டாக்குவதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ரிசீவர் கடைசி மதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. ஃபெயில்சேஃபை அமைத்தேன், நிரலையும் மாற்றி எழுதினேன். தகடு இல்லாமல் இருபது முறை டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்ததில், ஒவ்வொரு முறையும் மோட்டார் நின்றது. தனி ரெகுலேட்டர் வைத்த பிறகு ரீசெட்டும் இல்லை. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் வேலையை டிரான்ஸ்மிட்டருக்கே மாற்றிவிட்டேன். கவிழும்போது திசை மாற்றுவது மட்டும் நானோவில் இருக்கிறது. முழு வேகத்தில் சுழலும் தகட்டைச் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பினால் இஎஸ்சி தாங்குமா?

மறுமொழி 1

தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுத்தத்தை அனுப்பி, தகடு நிற்க எடுக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் கழித்தே எதிர்த்திசையைத் தொடங்குங்கள். அதை அளக்கத் தகடு மாட்டியே ஆக வேண்டும் என்பதால், தடித்த பாலிகார்பனேட் பெட்டிக்குள் ரோபோவை வைத்து, பெட்டி மூடிய பிறகே டிரான்ஸ்மிட்டரைத் தொடுங்கள்.