கை தளர்ந்துவிட்டதா, டிவி இழுக்கிறதா?

ஏரிக்கரைக்காரன், அல்சூர், பெங்களூரு:

எனக்கு வயது 43. சிக்பேட்டையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறேன். ஞாயிறுதோறும் இந்திராநகரில் தம்பி வீட்டில் 'கால் ஆஃப் டூட்டி' என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டு ஆடுவேன். அங்கே எதிரி ஓடிவரும்போதே என் குறி அவன்மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. என் வீட்டில், டிவியில் செருகி ஆடும் பழைய கன்சோலில், ஒரு விண்வெளி ஷூட்டர் (சுடும் விளையாட்டு) ஆடுகிறேன். அதில் ஸ்டிக்கைத் திருப்பினால் துப்பாக்கி சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. நான் விட்ட பிறகும் கொஞ்சம் போய்த்தான் நிற்கிறது.

அம்மா சீரியல் பார்த்து எழுந்த பிறகு, இரவு பத்தரைக்கு மேல் கிடைக்கும் ஒரு மணி நேரம் இது. இணைய வேகத்தைக் கூட்டினேன், பலனில்லை. "வயதாகிவிட்டது அண்ணா" என்கிறான் தம்பி. கையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சொல் தைக்கிறது. உண்மையில் கோளாறு எங்கே?

மூன்றாம் மாடி, செம்பூர், மும்பை:

முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, தனியாள் கதைப்பகுதியை ஆடிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் தாமதம் உங்கள் கூடத்துக்குள்தான் இருக்கிறது.

விளையாட்டு விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், காட்டினால் ஒரு படம் 33.3 மில்லிவிநாடி நிற்கும். 60 என்றால் 16.7. வித்தியாசம் அவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் அழுத்தியதை விளையாட்டு படிக்க வேண்டும், கணக்கிட வேண்டும், வரைய வேண்டும், வரைந்ததைத் திரைக்குப் போகும் வரிசையில் வைக்க வேண்டும். இதற்கே மூன்று நான்கு ஃபிரேம் ஓடிவிடும். 30-இல் அது 100 மில்லிவிநாடியைத் தொடும், 60-இல் அதில் பாதி. 2014-இல் வந்த 'டெஸ்டினி' என்ற விண்வெளி ஷூட்டர் கன்சோலில் 30-இல் ஓடியது. 'கால் ஆஃப் டூட்டி' வரிசை நெடுங்காலமாக 60-ஐ இலக்காக வைத்தே செய்யப்படுகிறது. 2015-இல் வந்த 'ஹேலோ 5' என்ற ஷூட்டர் 60-ஐக் காப்பாற்றுவதற்காகக் காட்சியின் கூர்மையைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும். அந்த முடிவை எடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

அடுத்தது டிவி. இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒரு படத்தை உண்டாக்கிச் செருகும் வசதி இருக்கும். அடுத்த படம் வந்து சேராமல் நடுப்படத்தை உண்டாக்க முடியாது. அதனால் வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஷூட்டருக்கு அது விஷம். இந்த வேலையை நிறுத்தும் 'கேம் மோட்' என்ற அமைப்பை டிவியில் போடுங்கள்.

என் சொல்லையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். பொத்தான் அமுங்கியதிலிருந்து துப்பாக்கி முனையில் தீ தெரியும்வரை எண்ணுங்கள். ஒரு படம் நான்கு மில்லிவிநாடிக்குச் சற்று மேல்.

பழைய ஜாய்ஸ்டிக், ஜாலஹள்ளி, பெங்களூரு:

செம்பூர் நண்பர் 60-ஐ மிகவும் உயர்த்துகிறார். 40-க்கும் 60-க்கும் நடுவே ஊசலாடும் விளையாட்டைவிட அசையாத 30 எவ்வளவோ மேல். தாமதம் சீராக இருந்தால் கை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், மாறிக்கொண்டே இருந்தால் பழகவே முடியாது. இன்னொன்று: பல டிவிகளில் கேம் மோட் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனி. கன்சோல் செருகியிருக்கும் இணைப்பில்தான் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஏரிக்கரைக்காரன்:

இணையம் இல்லாமலும் இழுத்தது. நேற்றிரவு கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் பத்து முறை சுட்டுப் படமெடுத்தேன். எண்ணி முடிக்க ஒரு மணியாகிவிட்டது. பழைய அமைப்பில் சராசரி 51 படம், அதாவது 212 மில்லிவிநாடி. கேம் மோடில் 30 படம், 125 மில்லிவிநாடி. தம்பியிடம் 'கால் ஆஃப் டூட்டி' வட்டை வாங்கி வந்து அதே டிவியில், அதே கேம் மோடில் ஓட்டினேன். 18 படம், 75 மில்லிவிநாடி. இரண்டு விளையாட்டுக்கும் இடையே 50 மில்லிவிநாடி இருக்கிறது, செம்பூர் ஐயா சொன்ன ஃபிரேம் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஜாலஹள்ளி நண்பர் சொன்னதும் சரியே. இப்போது விநாடிக்கு 30 ஃபிரேமில் ஓடும் என் விண்வெளி ஷூட்டரிலேயே கை பிடித்துக்கொள்கிறது, குறி நிறுத்திய இடத்தில் நிற்கிறது. வீடியோக்களைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். கேம் மோடில் நிறம் வெளிறித் தெரிகிறது என்று அம்மா சொன்னார். அவருடைய செட்டாப் பாக்ஸ் இணைப்பைப் பழையபடியே விட்டிருக்கிறேன்.