கலைச்சொல் வேண்டல்: இழுவண்டியின் ‘டங் வெயிட்’

அனுப்புநர்: பனுவல்

குழுமத்தார் அனைவர்க்கும் வணக்கம்.

காருக்குப் பின்னால் சிறிய இழுவண்டி பூட்டி ஓட்டுவோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுக்குள் கோப்பு போயாக வேண்டும். டிரெய்லருக்கு ‘இழுவண்டி’ என்று சென்ற இழையிலேயே முடிந்துவிட்டது, அதை மறுபடி கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது இடறுவது ‘டங் வெயிட்’.

இழுவண்டியின் முன்னால் நீளும் தண்டின் நுனி, காரின் பின்னுள்ள இணைப்புக் குண்டின்மேல் உட்கார்ந்து செங்குத்தாகக் கீழே அழுத்துகிறதே, அந்த அழுத்தத்தின் அளவு. இதையே சிலர் ‘நோஸ் வெயிட்’ என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே நாக்கா மூக்கா என்று ஒத்துவரவில்லை. ‘நாக்கு எடை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

எந்தச் சொல்லைத் தந்தாலும் இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தாருங்கள்: “____ குறைந்தால் இழுவண்டி வாலாடும், ____ மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும்.” வண்டி கிளம்பும் அவசரத்தில் வாசிக்கிறவருக்கு ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும்.

---

அனுப்புநர்: வேர்தேடி

அன்புள்ள பனுவல் அம்மா,

‘நுகப்பொறை’. நுகம் என்பது இழுப்பதையும் இழுக்கப்படுவதையும் பிணைப்பது. பொறு என்னும் வேரிலிருந்து பொறை. பொறுக்கப்படுவது எதுவோ அது பொறை. குறளில் மூன்று இடங்களில் ‘நிலக்குப் பொறை’ வருகிறது. மூன்றிலும் சுமை என்பதுதான் பொருள். பொறு, பொறுப்பு, பொறை என்று ஒரே குடும்பமாக நிற்கும் சொற்கள் இருக்க, எடை என்ற வெறும் அளவைச் சொல்லுக்குப் போவானேன்? குண்டு ஒன்றைப் பொறுக்கிறது. அதனால் அது பொறை.

---

அனுப்புநர்: கரும்பலகை

வேர்தேடி ஐயாவுக்கு வணக்கம். பொறை என்றதும் என் மாணவர்க்கு நினைவு வருவது ‘பொறையுடைமை’ அதிகாரம்தான். “பொறை குறைந்தால் வண்டி வாலாடும்” என்றால் ஓட்டுநருக்குப் பொறுமை போதாது என்றுதான் படிப்பார்கள். அந்த வாக்கியமும் உண்மைதான், ஆனால் கையேடு சொல்லவந்தது அதுவல்ல.

நுகம் பற்றியும் ஒன்று. யமன் நமன் ஆனதுபோல் யுகம் நுகம் ஆயிற்று என்பார் உண்டு. தூய்மையை வைத்துத்தான் தேர்வு என்றால் அந்த வாசலும் முழுதாக அடைபடவில்லை.

---

அனுப்புநர்: வேர்தேடி

யுகம்–நுகம் வாதத்தை நான் ஏற்கவில்லை. நுழை, நுகர், நுகம் என்னும் வரிசையில் ‘உட்புகுதல்’ என்ற கருத்து இழையோடுகிறது. காளையின் கழுத்து புகும் இடம் நுகம். நுங்கு, நுனி, நுண்மை ஆகியவற்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். நுனி என்பதும் புகுமுனையே அல்லவா? இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

---

அனுப்புநர்: அச்சாணி

நண்பர்களே, சொல்லுக்கு முன் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். நான் இழுவண்டி பூட்டி ஓட்டுகிறவன். இந்த ஒரு அளவை அசட்டை செய்தவர்களின் வண்டிகள் சாலையோரம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்க.

குண்டில் பூட்டும் சாதாரண இழுவண்டிக்கு, ஏற்றிய பண்டத்தையும் சேர்த்து மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அந்த நுனியில் அமர வேண்டும் என்பது வட அமெரிக்கக் கையேடுகளின் கணக்கு. 1000 கிலோ வண்டி என்றால் 100 முதல் 150 கிலோ. பிரிட்டனில் கேரவனுக்கு 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். எந்தக் கணக்கானாலும் காரின் கையேட்டிலும் இணைப்பிலும் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

இது குறைந்தால் என்ன ஆகும்? பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது என்று பொருள். குறைந்த வேகத்தில் பக்கவாட்டு ஆட்டம் ஒன்றிரண்டு அசைவில் தானே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காது, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிட அகலமாகும். பின்பாரம் கூடக்கூட அந்த எல்லை வேகம் கீழே இறங்கும். மிகுந்தால் வேறு வகைக் கேடு. குண்டு இருப்பது காரின் பின் அச்சுக்கும் பின்னால். அங்கே அழுத்தினால் நெம்புகோல்போல் முன் அச்சு தூக்கும். ஸ்டியரிங் லேசாகும், முன்சக்கர பிரேக் சரியாகப் பிடிக்காது, இரவில் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஆகவே சொல்லில் ‘முன்’ என்ற திசை இருந்தே ஆக வேண்டும். மாட்டுவண்டிக்காரர்கள் ‘முன்பாரம், பின்பாரம்’ என்பார்கள். இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் என்றால் காளையின் கழுத்தில் இறங்குவது. பின்பாரம் என்றால் நுகத்தை மேலே தூக்கிக் கழுத்துக்கயிற்றை இறுக்குவது. இழுவண்டியிலும் இதே கணக்குத்தான். காளை இருந்த இடத்தில் கார் இருக்கிறது, அவ்வளவே. சொல் ஏற்கெனவே இருக்கிறது: முன்பாரம்.

---

அனுப்புநர்: நெய்தல்

எல்லோருக்கும் வணக்கம். அச்சாணி அண்ணை சொல்வது எனக்குச் சரியாய்ப் படுகிறது. ஆனால் ‘எடை’, ‘நிறை’ இரண்டையும் ஏன் தவிர்க்கவேணும் எண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ் எண்டால் நிறை, வெயிட் எண்டால் எடை. எங்கட இலங்கைப் பாடநூலில் மாஸ் திணிவு, வெயிட் நிறை. அப்ப ‘முன்நிறை’ எண்டு போட்டால் அங்கே ஒண்டு, இங்கே ஒண்டு விளங்கும். இரண்டு பக்கமும் வாசிக்கிற கையேட்டில் இது வேண்டாத சிக்கல். பாரம், சுமை இரண்டிலும் அந்தக் குழப்பம் இல்லை.

ஹிட்ச் எண்டதுக்கு என்ன எழுதியிருக்கிறீங்கள், பனுவல் அக்கா? நாங்கள் மாட்டிறதைக் ‘கொளுவுறது’ எண்டுதான் சொல்லுவம். ‘கொளுவி’ எண்டு போட்டால் சின்னதாய் நிற்கும்.

---

அனுப்புநர்: பனுவல்

கொளுவி அருமை, எடுத்துக்கொண்டேன். இதுவரை ‘இணைப்பான்’ என்று எழுதிவந்தேன். மின்கம்பி இணைப்பானோடு அது முட்டிக்கொண்டிருந்தது. ஏழு முள் செருகியும் பதின்மூன்று முள் செருகியும் வருகிற அதே பக்கத்தில் இரண்டு ‘இணைப்பான்’ இருந்தால் எதை மாட்டச் சொல்கிறது என்றே தெரியாது.

முன்பாரம் வாக்கியத்தில் நன்றாகப் பொருந்துகிறது. மறுப்பு உண்டா?

---

அனுப்புநர்: வேர்தேடி

உண்டு. பாரம் வடசொல். பொறையை மறுத்தீர்கள், சரி. சுமை இருக்கிறதே! ‘முன்சுமை’ என்பதில் என்ன விளங்காமல் போகும்? குழுமத்தின் நோக்கமே தமிழ் வேரில் சொல் ஆக்குவது. கையில் தமிழ்ச்சொல் இருக்கும்போது கடன்சொல்லை முத்திரை குத்தி அனுப்புவதை நான் ஒப்ப மாட்டேன். இன்று பாரம், நாளை வாகனம், மறுநாள் சக்கரம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

---

அனுப்புநர்: கரும்பலகை

“கடிசொல் இல்லைக் காலத்துப் படினே” என்று தொல்காப்பியரே இடம்விட்டிருக்கிறார், ஐயா. வழக்கில் ஊன்றிய சொல்லைக் கடிந்து விலக்க இலக்கணம் சொல்லவில்லை. பாரவண்டி, பாரம் ஏற்றுதல், பாரம் இறக்குதல் என்று வண்டித்தொழில் முழுக்க இந்தச் சொல்லில்தான் நடக்கிறது.

எனக்கு இருப்பது வேறு ஐயம். முன்பாரமா, முற்பாரமா? முற்பகல், முற்காலம், முற்பிறப்பு என்று னகரம் றகரம் ஆகிறதே. மாணவர் கேட்டால் சொல்ல விடை வேண்டும்.

---

அனுப்புநர்: பனுவல்

முன்கை, முன்கால், முன்பக்கம் என்று இடத்தைக் குறிக்கும்போது திரியாமலே நிற்கிறது, டீச்சர். காலத்தைக் குறித்தால் திரிகிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

---

அனுப்புநர்: கரும்பலகை

முன்பனி காலம்தானே? அது திரியவில்லை. முற்போக்கு, முற்பட்டான் இவற்றில் இடமும் கலந்திருக்கிறது, திரிந்திருக்கிறது. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனதையும் சேர்த்துப் பார்த்தால் ‘முன்’ எந்த ஒரே வாய்பாட்டுக்கும் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை. ஆயினும் உடற்பகுதிகளிலும் வண்டிப்பகுதிகளிலும் திரியாமையே பெருவழக்கு. முன்சக்கரத்தின் பக்கத்தில் முன்பாரம் நிற்கட்டும். திரிபு விதியைத் தனியாகப் பேசுவோம்.

---

அனுப்புநர்: அச்சாணி

வெள்ளி நெருங்குகிறது. இந்தச் சொல் வரும் இன்னொரு பத்தியையும் சோதித்துவிடுவோம். முன்பாரத்தை வீட்டில் இருக்கும் எடைக்கருவியாலேயே அளக்கலாம். அதை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

“பண்டத்தை முழுவதும் ஏற்றியபின், இழுவண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையை எடைக்கருவிமேலும் வைத்து மட்டமாக்கவும். இரண்டு தாங்குமிடங்களுக்கும் இடையிலான தொலைவை மூன்று சமபங்காக்கி, செங்கல்லிலிருந்து முதல் பங்கு முடியும் இடத்தில் தண்டின் நுனியை இறக்கவும். வண்டி காரில் பூட்டியிருக்கும்போது நிற்கும் அதே உயரத்தில் நுனி இருக்க வேண்டும். கருவி காட்டுவதைப்போல் மூன்று மடங்கு முன்பாரம்.”

பலகையின் எடையை முதலில் கழித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ‘முன்பொறை’யைப் போட்டும் படித்துப் பார்த்தேன். கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ‘முன்சுமை’ ஓடுகிறது, ஆனால் வண்டியின் முன்பகுதியில் ஏற்றிய பெட்டிகளைச் சொல்வதுபோல் இருக்கிறது. பெட்டி வேறு, அது குண்டின்மேல் இறக்கும் அழுத்தம் வேறு. கனமானதைத் தாழ்வாக, அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் வைக்கச் சொல்கிறோம். அங்கே சுமை என்பது பண்டத்தைக் குறிக்கத் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

---

அனுப்புநர்: நெய்தல்

நல்லாய் விளங்குது. சேஃப்டி செயின் எண்டதுக்கும் சொல்லுங்கோவன். ‘பாதுகாப்புச் சங்கிலி’ நீளமாய் இருக்கு, படத்தின்ர அடியில் இடம் காணாது.

---

அனுப்புநர்: கரும்பலகை

புறநானூறு 102இல் ‘சேம அச்சு’ வருகிறது. உப்பு விற்கும் உமணர், மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சொன்றைக் கட்டிவைப்பார்கள். ஔவையார் அதைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். அந்த ஆட்சியை வைத்துச் ‘சேமச் சங்கிலி’ என்னலாம்.

---

அனுப்புநர்: வேர்தேடி

சேமம் ‘க்ஷேமம்’ என்று நாளை யாரேனும் எழுதுவார்கள். ‘ஏமம்’ ஐயத்துக்கு இடமில்லாத தமிழ். சங்கிலியும் சிருங்கலையிலிருந்து வந்தது. தொடர், தொடரி நம்முடையவை. ‘ஏமத்தொடரி’.

---

அனுப்புநர்: பனுவல்

ஐயா, தொடரி என்பதை இப்போது ரயிலுக்கு எழுதுகிறார்கள். ஏமத்தொடரி என்றால் விபத்தில்லா ரயில் என்று நினைப்பார்கள். ஏமம் ஏமாற்றத்தையும் நினைவூட்டுகிறது.

---

அனுப்புநர்: அச்சாணி

சேமச் சங்கிலியில் எனக்கொரு தயக்கம். சேம அச்சு, ஒன்று முறிந்தால் மாற்றிப் போடுவதற்கு. இந்தச் சங்கிலி மாற்று அல்ல, பூட்டி ஓடும்போதே வேலையில் இருப்பது. இரண்டு சங்கிலியையும் தண்டுக்கு அடியில் குறுக்காக மாற்றிக் கொளுவுகிறோம். குண்டிலிருந்து பிடி கழன்றால் தண்டின் நுனி தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தொட்டில்போல் ஏந்தப்படும். திரும்புவதற்கு வேண்டிய தளர்வு இருக்க வேண்டும், தரையில் உரசவும் கூடாது. ‘காப்புச் சங்கிலி’ போதும் என்பேன்.

---

அனுப்புநர்: பனுவல்

நண்பர்களே, நேரமில்லை. முன்பாரம், கொளுவி, காப்புச் சங்கிலி மூன்றையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். மூவர் ஒப்பினார்கள், ஒருவர் மறுத்தார், பலர் பேசவில்லை. முன்பாரம் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருகிறேன். ஸ்வேக்கு ‘வாலாட்டம்’ என்றே விட்டிருக்கிறேன். யாரையும் ‘வாலாட்டாதே’ என்று அதட்டும் தொனி அதில் இருக்கிறது என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். ‘அலைவு’ என்று மாற்றினால் ஆபத்தின் உறைப்பு போய்விடுகிறது, அதனால் மாற்றவில்லை.

---

அனுப்புநர்: அச்சாணி

நீங்கள் அனுப்பிய வரைவில் ஒரு இடம் கட்டாயம் திருத்த வேண்டும். “வாலாடினால் பிரேக்கை மெல்ல அழுத்தவும்” என்று இருக்கிறது. கார் பிரேக்கில் கால் வைத்தால் பின்னாலிருந்து இழுவண்டி தள்ளும், மடங்கிக்கொள்ளும். “ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவும், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவும், எதிர்த்திருப்பிச் சமாளிக்க முயல வேண்டாம், இழுவண்டிக்குத் தனி மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கவும்” என்று வர வேண்டும். எந்தச் சொல் மாறினாலும் இந்த வரி மாறக் கூடாது.

---

அனுப்புநர்: பனுவல்

திருத்திவிட்டேன். தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கோப்பு போகிறது.

---

அனுப்புநர்: வேர்தேடி

கையேட்டில் முன்பாரம் போகட்டும், அவசரம் புரிகிறது. ஆனால் குழுமத்தின் சொற்பட்டியலில் ‘முன்பொறை’யும் அருகே பதிவாக வேண்டும். பாரத்துக்கு என் இசைவு இல்லை என்பதையும் குறித்துக்கொள்க. இந்தத் தலைமுறைக்குப் பொறை பொறுமையாகக் கேட்கிறது என்பதற்காக அடுத்த தலைமுறைக்கும் அதை மூடிவைப்பது முறையன்று. அச்சாணி ‘மடங்கிக்கொள்ளும்’ என்றாரே, ஜாக்நைஃபுக்கு ‘மடங்கல்’ என்று ஆக்கலாம். மடங்கல் பழந்தமிழில் சிங்கத்தையும் கூற்றுவனையும் குறிக்கும். அது பற்றி நாளை எழுதுகிறேன்.