ஒப்பரேஷனுக்குப் பிறகு போட்டுத் தந்த ஆப்பில் ஒன்றும் வருவதில்லை, அவசரம்

கடலோரம் (வெள்ளவத்தை), திங்கள் இரவு 8.42

வணக்கம். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் செய்து அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். வெளிக்கிடும்போது நேர்ஸ் ஒருவர் அம்மாவின் போனில் அவர்களுடைய ஆப்பைப் போட்டுத் தந்தார். மருந்து நேரத்துக்கு மணி அடிக்கும், காலையும் மாலையும் வலி எவ்வளவு என்று கேட்கும், காயத்தைப் படமெடுத்து அனுப்பினால் பார்த்துப் பதில் போடுவோம் என்றார்கள். முதலில் எல்லாம் ஒழுங்காக வந்தது. இப்போது மணியும் இல்லை, கேள்வியும் இல்லை. நேற்று அனுப்பிய படத்துக்கும் பதில் இல்லை. ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரிவருமா? கெதியாகச் சொல்லுங்கள்.

தெகிவளைத் தம்பி, 8.49

அழிக்க வேண்டாம் அண்ணா. அனுப்பாமல் நிற்கும் படங்கள் இருந்தால் போய்விடும், ஆஸ்பத்திரியில் தந்த பதிவு இலக்கத்தையும் திரும்பக் கேட்கும். என்ன போன்? அன்ரொயிட்டா, ஐபோனா? எத்தனையாவது பதிப்பு?

மின்மினி, 8.53

டேட்டா முடிந்திருக்கும். பகல் டேட்டா தீர்ந்து இரவு டேட்டா மட்டும் மிச்சம் இருந்தாலும் மேலே சிக்னல் முழுதாகக் காட்டும். எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம். முதலில் மீதியைப் பாருங்கள்.

நிதானம், 9.01

இங்கே உதவி கேட்பவர்கள் என்னென்ன எழுத வேண்டும் என்று மேலே ஒட்டிவைத்த பதிவில் தெளிவாக எழுதியிருக்கிறேன். யாரும் வாசிப்பதில்லை. போனின் மொடல் இல்லை, பதிப்பு இல்லை, ஆப்பின் பெயர் இல்லை. இப்படிக் கேட்டால் மற்றவர்கள் ஊகிக்கத்தான் வேண்டும். சரி, சொல்கிறேன். 2022 இல் வந்த அன்ரொயிட் 13 இலிருந்து, அறிவித்தல் காட்டுவதற்கு ஒவ்வொரு ஆப்பும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். வயதானவர்கள் திரையில் எது வந்தாலும் வேண்டாம் என்று அழுத்திவிடுவார்கள். அதுதான் நடந்திருக்கிறது. செட்டிங்ஸில் அந்த அனுமதியைக் கொடுத்தால் முடிந்தது.

தெகிவளைத் தம்பி, 9.06

முதலில் ஒழுங்காக வந்தது என்கிறாரே அண்ணா. அனுமதி கொடுக்காவிட்டால் தொடக்கத்திலிருந்தே வந்திருக்காது.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டொக்டரின் பதில் இணையத்தால் வருவது. மருந்து மணி பெரும்பாலும் போனுக்குள்ளேயே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து அடிப்பது, அதற்கு டேட்டா தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் டேட்டாவில் பிழை சொல்ல முடியாது. பின்னணியில் வேலை செய்ய விடாமல் போன் அந்த ஆப்பைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பற்றரி செட்டிங்கைப் பார்த்தால் தெரியும்.

கடலோரம், 9.20

சாம்சுங், அன்ரொயிட் 14. போன் அம்மாவுடையது. வைஃபை இருக்கிறது, டேட்டாவும் இருக்கிறது. ஆப்பின் பெயரைப் போட்டால் ஆஸ்பத்திரி எது என்று தெரிந்துவிடும், அதனால் போடவில்லை. காயத்தின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது, அதைக் கேட்கத்தான் படம் அனுப்பினோம்.

பழைய நேர்ஸ் (கொட்டாஞ்சேனை), 9.24

தம்பி, போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். என்ன ஒப்பரேஷன்? அம்மாவுக்கு என்ன வயது? சீனி வருத்தம் இருக்கிறதா? காய்ச்சல் பார்த்தீர்களா? அந்தச் சிவப்பு நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா? வலி எரிச்சலாக இருக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா?

மின்மினி, 9.27

ஆப்பை நம்பிக்கொண்டு இருக்காமல் வார்ட் டொக்டருக்கு வட்ஸ்அப்பில் படத்தைப் போடுங்கள். அக்காவின் பித்தப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம், பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

நிதானம், 9.33

இப்படியான ஆலோசனைகளைத் தயவுசெய்து இங்கே தர வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புத் தேவைப்படும் வகையில் சேர்த்திருக்கிறது. ஒரு பெண்ணின் காயத்தின் படம் ஒரு டொக்டரின் சொந்தப் போனில், அவருடைய குடும்பப் படங்களுக்கு நடுவில் கிடப்பது சரியா? ஆப் என்று ஒன்றைத் தருவதே இதைத் தவிர்க்கத்தான்.

மின்மினி, 9.38

சட்டம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு அந்த ஆப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்? பார்க்க ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று நோயாளிக்குச் சொல்லியிருக்கிறார்களா?

கூடுதுறை, 9.41

வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி நிறம் மாறிவிடும், அதையும் சொல்லுங்கள். அனுப்புவதென்றால் டொகியுமென்டாக அனுப்ப வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே எடுக்கவும் கூடாது, பகலில் ஜன்னலோரம் வைத்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவும் தெரியும்.

பழைய நேர்ஸ், 9.44

குற்றியைக் காயத்தில் படாமல் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. எங்கள் தோல் நிறத்தில் சிவப்பு இலேசில் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, சில வேளை சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுப்பாகவோதான் தெரியும். அதனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். கையை நன்றாகக் கழுவி, புறங்கையால் காயத்தைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல்லுப் போல இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் அது பரவுகிறது.

நிதானம், 9.52

ஆப்பைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு அவநம்பிக்கை இருக்கிறது, அதனால் ஒரு தகவல். டொரொன்டோவின் வுமன்ஸ் கொலேஜ் வைத்தியசாலை செய்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளிவந்தது. மார்பக மீளமைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டிலிருந்து குணமடைந்த 65 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஆப் வைத்திருந்தவர்கள் முதல் 30 நாட்களில் சராசரியாக 0.66 தடவைதான் நேரில் காட்டப் போனார்கள். வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு அது 1.64. சிக்கல்களும் கூடவில்லை. கொழும்பில் ஒரு தடவை காட்டுவதற்கு சனலிங் காசு, ஓட்டோக் காசு, கூடப் போகிறவரின் ஒரு நாள் லீவு என்று எவ்வளவு போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய நேர்ஸ், 9.58

நல்ல தகவல், நன்றி. அங்கே அந்தப் படங்களையும் பதில்களையும் சத்திரசிகிச்சை நிபுணர்களே பார்த்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபக்கத்தில் ஆள் இருந்தால் ஆப் நல்ல சாமான்தான். வார்டில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன். வீட்டில் காயம் பழுத்து, பிந்தி வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி இன்னும் பதில் சொல்லவில்லையே.

கடலோரம், 10.07

மன்னிக்கவும், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஹேர்னியா (குடலிறக்கம்), வலை வைத்துத் தைத்தது. வயது 61. சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை போடுகிறார். காய்ச்சல் இல்லை. சிவப்பு நேற்றையைவிடக் கூடத்தான். விண்விண் என்கிறார். ஆப்பில் நேற்று எடுத்த படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மணிக்கூட்டு அடையாளமும் இங்கிலீஷில் ஒரு சொல்லும் இருக்கிறது. போய்விட்டது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். ஆப்பில் தமிழ் இல்லை.

தெகிவளைத் தம்பி, 10.10

மணிக்கூட்டு அடையாளம் இருந்தால் படம் இன்னும் போனிலேயே நிற்கிறது அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். திரையின் மேலிருந்து இழுத்தால் பற்றரி சேமிப்பு முறை தெரியும், போட்டிருந்தால் எடுங்கள். பிறகு செட்டிங்ஸ், பற்றரி, அதற்குள் பின்னணிப் பாவனைக்கான வரம்பு. அங்கே தூங்கும் ஆப்கள், ஆழ்ந்து தூங்கும் ஆப்கள் என்று பட்டியல்கள் இருக்கும். உங்கள் ஆப் அவற்றில் இருந்தால் வெளியே எடுத்து, ஒருபோதும் தூங்காத ஆப்கள் பட்டியலில் சேருங்கள். அன்ரொயிட் 14 இல் இன்னொன்றும் உண்டு. புதிதாகப் போடும் ஆப்புக்குச் சரியான நேரத்துக்கு மணி அடிக்கும் அனுமதி தானாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் விசேட அனுமதிகள் என்ற இடத்தில் அலாரமும் நினைவூட்டலும் என்று இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

பழைய நேர்ஸ், 10.13

அதை நாளைக்குச் செய்யலாம். இப்போது இதைக் கேளுங்கள். அம்மா பனடோல் போடுகிறாரா? எத்தனை மணிக்கு ஒருமுறை? கடைசியாகப் போட்டது எப்போது?

கடலோரம், 10.15

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு. கடைசியாக எட்டு மணிக்கு.

பழைய நேர்ஸ், 10.21

அப்படியென்றால் காய்ச்சல் இல்லை என்பதை நம்ப முடியாது. பனடோல் வலியைக் குறைக்கும்போது காய்ச்சலையும் அமத்திவிடும். அடுத்த முறை போடுவதற்குச் சற்று முன் பார்த்தால்தான் உண்மை தெரியும். 38 பாகைக்கு மேல், பழைய தேமாமீட்டரில் 100.4 க்கு மேல் போனால் அது காய்ச்சல். 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக் கூடாது. தடிமனுக்கென்று பாமசியில் வாங்கும் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் அதே மருந்து (பரசிட்டமோல்) இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வெட்டின இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வீக்கமும் சூடும் இருப்பது வழமை. பிறகு நாளுக்கு நாள் குறைய வேண்டும். அம்மாவுக்குக் கூடிக்கொண்டு போகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சீனியும் இருக்கிறது, உள்ளே வலையும் வைத்திருக்கிறார்கள். இதைப் படத்தில் பார்த்துச் சொல்ல யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு விடும்போது தந்த துண்டில் வார்டின் தொலைபேசி இலக்கம் இருக்கும். இப்போதே எடுத்து, காயம் சிவந்து பரவுகிறது, சீனி நோயாளி, வலை வைத்த ஹேர்னியா என்று சொல்லுங்கள். அவர்கள் எடுக்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள். வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருந்தால் ஒருமுறை குத்திப் பார்த்து எழுதிக் கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

சத்தி (வாந்தி), வயிறு ஊதுதல், காற்றுப் போகாமல் இருத்தல், குளிர்ந்து நடுங்குதல், மூச்சு முட்டுதல், இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கூடுதுறை, 10.34

ஆப்பில் தமிழ் இல்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. தமிழ் இந்த நாட்டில் 1987 இலிருந்து அரசகரும மொழி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை தமிழ் அம்மாமார் இந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள். படம் போகவில்லை என்று தமிழில் இரண்டு சொல் இருந்திருந்தால் அந்த அம்மா நேற்றே மகனிடம் சொல்லியிருப்பார்.

நிதானம், 10.40

அது அரசாங்கத்துக்கான ஏற்பாடு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆப்புக்கு அதை நேரடியாகப் பொருத்த முடியாது. விஷயம் தெரியாமல் சட்டத்தை இழுக்க வேண்டாம்.

கூடுதுறை, 10.43

சட்டத்தை முதலில் இழுத்தது நீங்கள்தான் அண்ணா. காசு வாங்கிக்கொண்டு சிகிச்சை செய்கிறவர்கள் நோயாளி வாசிக்கக்கூடிய மொழியில் எழுத வேண்டும். அதற்குச் சட்டம் தேவையா?

மின்மினி, 10.46

ஆப்பில் தமிழ் வரும் வரைக்கும், வீட்டுக்கு விடும் நேரத்தில் நேர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். போனது எப்படித் தெரியும், போகாதது எப்படித் தெரியும் என்று அம்மாமார் கண்ணால் பார்த்துவிடுவார்கள். பதில் எந்த நேரத்தில் வரும், வராவிட்டால் யாருக்கு அடிப்பது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நிதானம், 10.52

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஒட்டிவைத்த பதிவில் சேர்க்கிறேன்.

பழைய நேர்ஸ், 11.30

தம்பி, கதைத்தீர்களா?

பழைய நேர்ஸ், செவ்வாய் காலை 6.15

அம்மாவுக்கு எப்படி?

கடலோரம், புதன் பின்னேரம் 5.05

அன்று இரவே கூட்டிப் போனோம். தோலுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. இரண்டு தையலைத் திறந்து எடுத்துவிட்டு ஊசி மருந்து போடுகிறார்கள். வலைக்கு ஒன்றும் இல்லையாம். சீனி நன்றாகக் கூடியிருந்தது. பற்றரி சேமிப்பை எடுத்தவுடன் ஆப்பும் வேலை செய்கிறது. எல்லோருக்கும் நன்றி, நேர்ஸ் அக்காவுக்கு விசேடமாக. திரும்ப வார்டுக்குப் போக வேண்டும்.

பழைய நேர்ஸ், 5.12

நல்லது தம்பி. வீட்டுக்கு விடும்போது கட்டு மாற்றுவது எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்ரிபயட்டிக் குளிசை தந்தால் சுகம் என்று இடையில் நிறுத்த விட வேண்டாம்.

மழைக்கால், வியாழன் காலை 9.18

எங்கள் அப்பாவுக்கும் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு இதே மாதிரி ஒரு ஆப் தந்திருக்கிறார்கள். சொட்டு மருந்துக்கு மணி அடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

தெகிவளைத் தம்பி, 9.25

என்ன போன்?