அடைப்பு இல்லை, ஆனாலும் நெஞ்சுவலி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். மூன்று மாதமாக மாடிப்படி ஏறினாலே நெஞ்சை அழுத்துகிறது என்கிறார். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தோம், பெரிய குழாய்களில் அடைப்பே இல்லை. வீட்டில் எல்லோரும் "அப்போ வாயுதான்" என்று முடித்துவிட்டார்கள். வலி மட்டும் நிற்கவில்லை.

அடுத்துப் பார்த்த இதய மருத்துவர்தான் ரத்தக்குழாயின் உட்படலத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு செல் கனம்தான் அது. இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படும்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிட்டுக் குழாயை விரிய வைப்பது இந்தப் படலம்தான். (ரத்த ஓட்டத்தில் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.) சர்க்கரை, அழுத்தம், புகை, கொழுப்பு எல்லாமே இந்தப் படலத்தைக் கெடுக்கும். கெட்டுவிட்டால் ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்கள் தேவைக்கு விரியாது. அடைப்பே இல்லாமல் ரத்தம் போதாமல் போகும். பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

உங்கள் அம்மா, அத்தை, அக்கா யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா? நுண்குழாய்களைச் சோதிக்கும் வசதி மதுரை, திருச்சிப் பக்கம் எங்கே இருக்கிறது? மருந்தோடு நடைப்பயிற்சி தொடங்கியவர்கள் எத்தனை நாளில் மாற்றம் உணர்ந்தீர்கள்? மருந்துப் பெயர்கள் வேண்டாம், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறோம். கோயிலுக்குப் போகக்கூட அம்மா பயப்படுகிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.