ரூட் 66: சிகாகோவிலிருந்து ஒரே நாளில் எதுவரை போகலாம்?

கேள்வி: அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-இல் சனிக்கிழமை காலை கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். அப்பாவும் வருகிறார், பழைய பெட்ரோல் பங்க் என்றால் அவருக்கு உயிர். ஸ்பிரிங்ஃபீல்ட் வரை முடியுமா?

பதில் 1: முடியும், ஆனால் ஓட்டமாகிவிடும். இல்லினாயின் அட்லாண்டாவோடு திரும்புங்கள், ஒரு வழிக்குச் சுமார் 160 மைல். இன்றைய விரைவு நெடுஞ்சாலையான ஐ-55-ஐ விட்டு இறங்கிப் பழைய சாலையிலேயே போனால்தான் ருசி. ட்வைட்டில் 1933-இல் கட்டிய டெக்சகோ பங்க், அடுத்து ஓடெல்லில் 1932-இன் ஸ்டாண்டர்ட் ஆயில் பங்க். இரண்டையும் அப்பா விடவே மாட்டார்! சின்ன வீடு போலவே கட்டியிருப்பார்கள், முன்னால் கார் நிற்க ஒரு கூரை. ஓடெல்லில் அவசரப்படாதீர்கள். ஊரே அமைதியாக இருக்கும், நிதானமாகச் சுற்றி வந்து பாருங்கள்.

பதில் 2: வழியில் வில்மிங்டனில் ராக்கெட் ஏந்திய ராட்சதச் சிலையான ஜெமினி ஜயன்ட்டையும் சேருங்கள். 2024-இல் ஏலத்துக்கு வந்தபோது ஜோலியட் வட்டார வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கியது, இப்போது வில்மிங்டன் பூங்காவில் நிற்கிறது. அட்லாண்டாவில் ஹாட் டாக் ஏந்திய இன்னொரு ராட்சதச் சிலை இருக்கிறது.

கேட்டவர்: நன்றி! அப்படியென்றால் அட்லாண்டாதான். வழியில் பான்டியாக் ஊரில் இருக்கும் ரூட் 66 அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

பதில் 1: போதும். பின்பக்கச் சுவர் ஓவியத்தை மறக்காதீர்கள்.