புதுப்பிப்பு: எக்ஸ்² வரும் இடத்தில் ஏன் இரண்டு பின்னங்கள்?

1/(எக்ஸ்²(எக்ஸ்+1))-ஐத் தொகையிட, பகுதிப் பின்னங்களில் (ஒரு பின்னத்தை எளிய பின்னங்களின் கூட்டலாகப் பிரிக்கும் முறை) எக்ஸ்²-க்கு மட்டும் ஏன் இரண்டு உறுப்புகள் என்று கேட்டிருந்தேன். விளக்கியவர்களுக்கு மனமார்ந்த நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. பின்னத்தின் பகுதி (கீழே இருப்பது) இருபடி என்றால் தொகுதி (மேலே இருப்பது) ஒருபடி வரை போகலாம். அதாவது (ஏ·எக்ஸ் + பி)/எக்ஸ்². அதைப் பிரித்தாலே ஏ/எக்ஸ் + பி/எக்ஸ்² வந்துவிடுகிறது! எவ்வளவு இயல்பான காரணம். மூன்றாவது உறுப்பு சி/(எக்ஸ்+1).

சரி, மதிப்புகள். பகுதியால் பெருக்கினால்:

1 = ஏ·எக்ஸ்(எக்ஸ்+1) + பி(எக்ஸ்+1) + சி·எக்ஸ்²

எக்ஸ் = 0 போட்டால் பி = 1; −1 போட்டால் சி = 1. ஏ மட்டும் இப்படி நேராகச் சிக்காது. எக்ஸ்² கெழுக்களை ஒப்பிட்டால் ஏ + சி = 0, ஆக ஏ = −1.

விடை: |(எக்ஸ்+1)/எக்ஸ்| என்பதன் இயல் மடக்கை − 1/எக்ஸ் + மாறிலி. வகையிட்டுப் பார்த்தேன், அதே பின்னம் திரும்பி வருகிறது. அப்புறம், ஏ/எக்ஸ் உறுப்பை விட்டுவிட்டால் பி, சி-க்கு எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடு பொருந்தாது.