தோற்ற வேட்பாளர் எப்போது மூட்டை கட்ட வேண்டும்?

மணல்மேடு:
சாப்பாட்டு மேசையில் மச்சானோடு ஆரம்பித்த சண்டை, அவர் ஊருக்குப் போன பிறகும் எனக்குள் ஓயவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன். அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தல்தான் பிரைமரி. 2016 ஜூன் 7 அன்று ஜனநாயகக் கட்சியின் கலிபோர்னியா பிரைமரியில் பெர்னி சாண்டர்ஸ் ஹிலாரி கிளிண்டனிடம் தோற்றார். முந்தின நாளே ஹிலாரிக்கு வேண்டிய டெலிகேட்கள் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதிகள்) சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாயிற்று. ஆட்டம் முடிந்தது. ஆனாலும் மனிதர் "ஹிலாரியை ஆதரிக்கிறேன்" என்று வாய் திறந்தது ஜூலை 12இல். நடுவில் ஐந்து வாரம்! தோற்றது தெரிந்த அன்றே கை குலுக்கிவிட்டு, ஜெயித்தவருக்கு வேலை பார்க்கப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நவம்பரில் ட்ரம்பிடம் ஹிலாரி தோற்றபோது மிஷிகன் கைவிட்டுப் போனது வெறும் 10,700 ஓட்டில். அந்த ஐந்து வாரத்தில் எத்தனை பேரைத் திருப்பியிருக்கலாம்?

வெண்பூசணி:
மிஷிகனை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லதாகப் போயிற்று. அந்த மார்ச்சில் அங்கே ஹிலாரி 20 புள்ளி முன்னால் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்ல, பெர்னி ஜெயித்தார். அப்போதே மணி அடித்தது. கேட்காதவர்களை விட்டுவிட்டு அடித்தவரைத் திட்டுகிறீர்கள்.

ஐந்து வாரமும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பேரம் பேசினார். ஜூலை 6இல் ஹிலாரி, ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவரவர் மாநில அரசுக் கல்லூரியில் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார். கட்சியின் கொள்கை அறிக்கையில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி ஏறியது. அதன் பிறகுதான் ஆதரவு. முதல் நாளே கை குலுக்கியிருந்தால் ஒரு காபி கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கணக்கர்:
பேரம் சரி, விலையையும் பாருங்கள். 1980இல் டெட் கென்னடி, தன் கட்சியின் அதிபராகப் பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்துத் தோற்றார். தோற்றும் விடவில்லை. ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மாநாடு வரை போய், டெலிகேட்கள் மனம் மாற விதியைத் தளர்த்தச் சொல்லி மோதினார். அதிலும் தோற்று, மறுநாள் பேசிய பேச்சில் அரங்கத்தையே உருக வைத்தார். கடைசி இரவு மேடையில் கார்ட்டர், இருவரும் கைகோத்து உயர்த்தும் படத்துக்காக அவர் பின்னாலேயே சுற்றுகிறார். கென்னடியோ கையைக் குலுக்கிவிட்டு நழுவுகிறார். நாடே டிவியில் பார்த்தது. நவம்பரில் கார்ட்டர் ரீகனிடம் தோற்றார்; அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாகக் கிடைக்கும் 538 எலக்டோரல் ஓட்டில் அவருக்கு 49தான். பணவீக்கமும் ஈரான் பணயக் கைதிகளும் பெரிய காரணம் என்பது தெரியும். இருந்தாலும் அந்த மேடைக் காட்சி உதவவில்லை என்பது உறுதி.

வெண்பூசணி:
கணக்கர் சார், அதற்கு நான்கு வருடம் முன்னால் போங்கள். 1976இல் குடியரசுக் கட்சியில் ரீகன், அப்போது அதிபராக இருந்த ஜெரால்ட் ஃபோர்டிடம் முதல் ஐந்து பிரைமரியும் தோற்றார். நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில். பிரச்சாரம் கடனில் ஓடியது, விலகச் சொல்லிக் கட்சிக்குள்ளேயே நெருக்கினார்கள். மார்ச் 23இல் வட கரோலினாவில் ஜெயித்தார். கான்சஸ் சிட்டி மாநாட்டில் 1187க்கு 1070 என்று தோற்றார். 1980இல் அதிபர். ஐந்தாவது தோல்வியிலேயே மூட்டை கட்டியிருந்தால் ரீகன் என்று ஒருவரே கிடையாது.

மணல்மேடு:
ஃபோர்டு என்ன ஆனார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே! நவம்பரில் கார்ட்டரிடம் தோற்றார். உங்கள் சாட்சி எனக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது.

ஓரமாநிற்பவன்:
பெர்னி தனியாக நின்றிருக்கலாமே? பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் தன் இடத்தையே தருகிறேன் என்று கூப்பிட்டாரே?

கணக்கர்:
தம்பி, பிரைமரியில் தோற்றவர் அதே தேர்தலில் வேறு கட்சியிலோ சுயேச்சையாகவோ நிற்கக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. நின்றாலும் 1912தான். குடியரசுக் கட்சியில் அதிபர் டாஃப்டிடம் வேட்பாளர் இடத்தை இழந்த தியோடர் ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக்கட்சி கட்டினார். அவருக்கு 27 சதவீதம், டாஃப்டுக்கு 23. நடுவில் ஜனநாயகக் கட்சியின் வில்சன் 42 சதவீதத்தில் வெள்ளை மாளிகைக்குள் நடந்து போனார்.

டெமாயின்தமிழன்:
எல்லோரும் டெலிகேட் கணக்கே பேசுகிறீர்கள். நான் 2016 பிப்ரவரி 1 அன்று அயோவா காகஸில் (பிரைமரிக்குப் பதில் ஆட்கள் ஓர் அறையில் கூடி நின்றே ஆதரவைக் காட்டும் கூட்டம்) பெர்னி பக்கம் நின்றவன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை, வெளியே குளிர், உள்ளே கோட்டைக் கழற்ற இடமில்லை. ஆளுக்கொரு மூலை. மூன்றாவது வேட்பாளர் மார்ட்டின் ஓ'மாலி மூலையில் 11 பேர். 15 சதவீதம் தேறாவிட்டால் அந்தக் குழு செல்லாது, வேறு மூலைக்குப் போகலாம். உடனே எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் டப்பா நிறைய பிஸ்கட்டோடு அவர்களிடம் போனார். ஹிலாரி பக்கத்திலிருந்தும் ஒருவர் ஓடினார். பிஸ்கட்டை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்தது நாலு பேர், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்பதற்காக. ஓ'மாலி என்ன நினைப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோற்றவர் தன் ஓட்டை அப்படியே தூக்கிக் கொடுக்க அது அவர் பையில் இல்லை என்று அன்று புரிந்தது. ஜூலை 25இல் பிலடெல்பியாவில் பெர்னி தன் டெலிகேட்களிடமே "ஹிலாரியை ஜெயிக்க வைக்க வேண்டும்" என்றபோது, அவரையே கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். ஐந்து வாரம் கழித்தே இந்தக் கதி. ஜூன் 8இல் சொல்லியிருந்தால்?

மணல்மேடு:
ஜூன் 8இல் சொல்லாமல் ஆசை காட்டிக்கொண்டே இருந்ததால்தான் கூச்சல் என்கிறேன் நான்.

நியூஜெர்சிமாமி:
நம் துளசேந்திரபுரத்துப் பேத்தியை மறந்துவிட்டீர்களே! கமலா 2019 டிசம்பரிலேயே, ஒரு ஓட்டும் விழுவதற்கு முன், பணமில்லை என்று விலகினார். எட்டு மாதத்தில் துணை அதிபர் வேட்பாளர். பாலக்காட்டு வேர்விட்ட விவேக் ராமசாமி 2024இல் அயோவாவில் நாலாவதாக வந்தார், அன்று இரவே ட்ரம்புக்கு ஆதரவு. எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது, அதை இங்கே கிளற வேண்டாம்.

வெண்பூசணி:
மாமி, அது பதவிக் கணக்கு. 1988இல் ஜெஸ்ஸி ஜாக்சன் சுமார் 70 லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றார். துணை அதிபர் இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஓட்டு விகிதப்படியே டெலிகேட்களைப் பிரிக்க வேண்டும், ஜெயித்தவருக்குக் கூடுதலாக அள்ளிக் கொடுக்கும் வழிகளை அடைக்க வேண்டும் என்று பேசி வாங்கினார். 2008இல் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி எல்லாம் ஹிலாரிக்குப் போயும் ஒபாமா தாக்குப்பிடித்தது அந்த விதியால். பெர்னியும் அதே வழிதான். 2018இல் கட்சி, சூப்பர் டெலிகேட்கள் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் ஓட்டுப் போடும் கட்சிப் பெரியவர்கள்) போட்டியுள்ள முதல் சுற்றில் ஓட்டுப் போடக் கூடாது என்று மாற்றியது. நாற்காலி கேட்பவருக்கு ஒரு நாற்காலி. விதியைக் கேட்பவருக்கு அடுத்த இருபது வருடம்.

கணக்கர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, யாரும் "விலகுகிறேன்" என்று சொல்வதில்லை, "பிரச்சாரத்தை நிறுத்திவைக்கிறேன்" என்பார்கள். டெலிகேட்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம், கடனை அடைக்க நன்கொடையும் வாங்கலாம். நிக்கி ஹேலி 2024 மார்ச் 6இல் அப்படி நிறுத்தினார், ட்ரம்பை ஆதரிக்காமலே. இரண்டு மாதம் கழித்து இந்தியானாவில் அவர் பெயருக்கு 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கடையைச் சாத்திய பிறகும் கல்லாவில் காசு.

மணல்மேடு:
அப்புறம் ஒன்று, இதற்குப் பதில் சொல்லுங்கள். அதே பெர்னி 2020இல் ஏப்ரல் 8இல் நிறுத்தினார். ஐந்தே நாளில் பைடனுக்கு ஆதரவு. கொள்கை வகுக்க இரு தரப்பும் சேர்ந்து ஆறு குழு. நவம்பரில் வெற்றி. சீக்கிரம் விலகியும் கேட்டது கிடைத்ததே?

வெண்பூசணி:
கோவிட் காலம், கூட்டமே போட முடியாது. அதோடு 2016இல் கடைசி வரை முறைத்தவர் என்பதால்தான் 2020இல் கேட்டவுடன் நாற்காலி போட்டார்கள். முதல் தடவையே சமர்த்தாக இருந்தவருக்கு யார் குழு அமைப்பார்கள்?

மணல்மேடு:
ம். இதற்கு நாளை பதில் யோசிக்கிறேன். எல்லாவற்றையும் அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். "ரீகனைப் பற்றி அன்றே சொன்னேனே" என்று எழுதியிருக்கிறார். சத்தியமாகச் சொல்லவே இல்லை.